ஆள் பிடிக்கும் போட்டி: ஆர்லாண்டோவில் டிஸ்னியும் யுனிவர்சலும்

ஃபுளோரிடா மாநிலத்தின் நடுவில் இருக்கும் ஆர்லாண்டோவுக்குக் கடற்கரை கிடையாது, மலை கிடையாது, பழங்காலக் கோட்டை கொத்தளம் எதுவும் கிடையாது. ஏரியும் சதுப்பு நிலமும் ஆரஞ்சுத் தோட்டமுமாக இருந்த ஊர் அது. 2024இல் அந்த ஊருக்கு வந்துபோனவர்கள் ஏறத்தாழ ஏழரைக் கோடிப் பேர். இவ்வளவு கூட்டத்தை இழுத்து வந்ததில் பெரும்பங்கு இரண்டு கம்பெனிகளுக்கு உரியது. ஒன்று டிஸ்னி, இன்னொன்று யுனிவர்சல். இரண்டின் வாசலையும் இணைப்பது ஐ-4 என்ற ஒரே நெடுஞ்சாலை. நெரிசல் இல்லாத நேரமாக இருந்தால் அரை மணிக்குள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடலாம்.

இவற்றின் போட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ரோலர் கோஸ்டரின் உயரத்தையும் புதுப் பூங்காவின் செலவையும்தான் எழுதுகிறார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே வரும் ஆளுக்கான போட்டி அது. அதே இரண்டு கம்பெனிகள் இன்னொரு ஆளுக்காகவும் போட்டி போடுகின்றன. சீருடை மாட்டிக்கொண்டு அந்த ரைடை ஓட்டுகிறவர், பர்கர் சுடுகிறவர், ஹோட்டல் அறையில் படுக்கை விரிக்கிறவர் அந்த இன்னொரு ஆள். முதல் போட்டியில் நூறு கோடி டாலரைத் தயங்காமல் எடுத்து வைக்கிறார்கள். இரண்டாவது போட்டி ஒரு டாலர், இரண்டு டாலர் என்று நகர்கிறது. அதுவும் தானாக நகர்வதில்லை, யாராவது தள்ள வேண்டியிருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் இந்த ஊரின் கதை முழுதாகப் புரியும் என்பது என் எண்ணம்.

நிலத்திலிருந்து தொடங்குவோம். இருவரின் குணமும் அங்கேதான் பிரிகிறது. 1960களின் நடுவில் வால்ட் டிஸ்னியின் ஆட்கள் பெயர் தெரியாத சின்னச் சின்னக் கம்பெனிகளின் பேரில் நிலம் வாங்கிக் குவித்தார்கள். சராசரியாக ஏக்கர் 200 டாலருக்கும் குறைவு. வாங்குவது யார் என்ற செய்தியை 1965 அக்டோபரில் உள்ளூர் நாளிதழ் உடைத்தபோது 27,000 ஏக்கருக்கு மேல் கைக்கு வந்திருந்தது. அதாவது சுமார் 110 சதுர கிலோமீட்டர். 1967இல் மாநிலச் சட்டமன்றம் அந்த நிலத்துக்கென்றே ரீடி கிரீக் என்ற தனி மாவட்டத்தை உருவாக்கிக் கொடுத்தது. சாலை, சாக்கடை, தீயணைப்பு, கட்டட விதிகள் எல்லாம் டிஸ்னியின் கையில். வேண்டுமென்றால் அணுமின் நிலையம்கூடக் கட்டிக்கொள்ளலாம் என்ற அளவுக்கு அதிகாரம். வால்ட் 1966 டிசம்பரிலேயே இறந்துவிட்டார். அண்ணன் ராய் ஓய்வைத் தள்ளிப்போட்டு வேலையை முடித்தார். 1971 அக்டோபர் 1 அன்று மேஜிக் கிங்டம் திறந்தது. அந்த டிசம்பரில் ராயும் போய்ச் சேர்ந்தார்.

யுனிவர்சலுக்கு இந்தக் கொடுப்பினை எதுவும் இல்லை. ஆர்லாண்டோ நகர எல்லைக்குள், நெடுஞ்சாலைக்கும் கிர்க்மன் சாலைக்கும் நடுவே சில நூறு ஏக்கர். பக்கத்திலேயே மோட்டல்கள், கடைகள், மற்றவர்களின் நிலம்.

இந்த வேறுபாடுதான் பார்வையாளரை நடத்தும் விதத்தையும் தீர்மானித்தது. டிஸ்னியின் கணக்கு எளிது: வந்தவர் வெளியே போகக்கூடாது. 2005இல் தொடங்கிய மேஜிக்கல் எக்ஸ்பிரஸ் பேருந்து இதற்கு நல்ல உதாரணம். டிஸ்னி ஹோட்டலில் அறை எடுத்தவருக்கு, பெட்டியில் மாட்டும் அட்டை வீட்டுக்கே தபாலில் வந்துவிடும். ஆர்லாண்டோ விமான நிலையத்தில் இறங்கியதும் பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டாம், நேராகப் பேருந்தில் ஏறலாம். பெட்டி தனியாக அறைக்கு வந்து சேரும். காசு கிடையாது. சிறு குழந்தைகளோடு பல மணி நேரம் பறந்து வந்த குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய உதவி! அந்த உதவிக்குள் ஒரு கணக்கும் இருந்தது. வாடகைக் கார் எடுக்காத குடும்பம் யுனிவர்சலுக்கு எப்படிப் போகும்? பல ஆண்டுகள் ஓடிய அந்தச் சேவையை 2022 தொடக்கத்தோடு டிஸ்னி நிறுத்தியது. என் பார்வையில், போட்டியாளருக்குத் தானே கதவைத் திறந்துவிட்ட செயல் அது.

சிறிய இடத்தையே யுனிவர்சல் சாதகமாக்கிக்கொண்டது. ஹோட்டலிலிருந்து பூங்காவுக்கு நடந்தே போகலாம், படகிலும் போகலாம். அதன் விலை உயர்ந்த மூன்று ஹோட்டல்களில் தங்குகிறவர்களுக்கு, வரிசையைத் தாண்டிப் போகும் எக்ஸ்பிரஸ் பாஸ் அறை வாடகையிலேயே அடக்கம். இடம் பெரியது, எங்கும் போக வேண்டாம் என்பது டிஸ்னியின் பேச்சு. இடம் சின்னது, எதற்கும் காத்திருக்க வேண்டாம் என்பது யுனிவர்சலின் பேச்சு.

இவர்கள் நேருக்கு நேர் மோதிய முதல் கட்டம் 1989-90. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், பிறகு வந்த எல்லாப் பகைக்கும் விதை அங்கே இருக்கிறது. யுனிவர்சலின் அன்றைய தாய் நிறுவனம் எம்.சி.ஏ., ஹாலிவுட்டில் 1964 முதல் ஸ்டூடியோ சுற்றுலா நடத்திப் பழகியது. ஃபுளோரிடாவிலும் அதுபோல் ஒன்று கட்டத் திட்டம் போட்டு, கூட்டாளி தேடியபோது 1981இல் பாராமவுண்ட் நிறுவனத்திடம் அதைக் காட்டியது. அன்று பாராமவுண்ட்டின் தலைவர் மைக்கேல் ஐஸ்னர். 1984இல் அவர் டிஸ்னியின் தலைமைக்கு வந்தார். அடுத்த ஆண்டே டிஸ்னி தன் பங்குக்கு ஒரு ஸ்டூடியோ பூங்காவை அறிவித்தது. எங்கள் திட்டத்தைப் பார்த்துவிட்டுச் செய்கிறார் என்று எம்.சி.ஏ. வெளிப்படையாகவே குற்றம்சாட்டியது, ஐஸ்னர் மறுத்தார்.

பந்தயத்தில் டிஸ்னி முந்தியது. டிஸ்னி-எம்.ஜி.எம். ஸ்டூடியோஸ் 1989 மே 1இல் திறந்தது. யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஃபுளோரிடா 1990 ஜூன் 7இல்தான் திறக்க முடிந்தது, அதுவும் அரைகுறையாக. திறப்பு நாளன்று கிங் காங், பூகம்பம், ஜாஸ் என்று மூன்று முக்கிய ரைடுகளும் மக்கர் பண்ணின. வெயிலில் மணிக்கணக்கில் நின்றவர்கள் கொதித்துப்போனார்கள். மறுபடி வர இலவச டிக்கெட் கொடுத்துச் சமாளிக்க வேண்டியதாயிற்று. தண்ணீருக்குள்ளிருந்து இயந்திரச் சுறா பாயும் ஜாஸ் ரைடை அந்த ஆண்டே மூடி, அடியோடு மறுபடி கட்டி, 1993இல் திறந்தார்கள். ரைடை வடிவமைத்த நிறுவனத்தின் மீது வழக்கும் போட்டார்கள்.

அந்த நாளை யுனிவர்சலின் அவமானமாகச் சொல்வது வழக்கம். நான் அதை டிஸ்னிக்கும் சேர்ந்த தோல்வியாகப் பார்க்கிறேன். முந்திக்கொள்வதற்காகவே கட்டிய டிஸ்னி பூங்காவில் திறந்தபோது பெரிய ரைடு ஒன்றும், ஸ்டூடியோவைச் சுற்றிக் காட்டும் டிராம் பயணமும்தான் சொல்லிக்கொள்ளும்படி இருந்தன. சினிமா எடுக்கும் இடம் என்ற வேடம் நாளடைவில் கலைந்து, 2008இல் பெயரையும் மாற்றினார்கள். அவசரத்துக்கு இருவருமே விலை கொடுத்தார்கள்.

1999 மே மாதம் யுனிவர்சல் தன் இரண்டாவது பூங்காவான ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சரைத் திறந்தது. தொண்ணூறுகளில் டிஸ்னியில் வேலை இழந்த வடிவமைப்பாளர்கள் பலரின் கைவண்ணம் அதில் உண்டு. அருமையான பூங்கா, ஆனால் கூட்டம்தான் வரவில்லை. 2009இல் சுமார் 46 லட்சம் பேர். டிஸ்னியின் நான்கு பூங்காக்களும் அதைவிட வெகு தூரம் முன்னால் இருந்தன. இந்தப் பூங்கா எண்ணிக்கைகளைக் கம்பெனிகள் தாமாக வெளியிடுவதில்லை, துறை அமைப்பு ஒன்று ஆண்டுதோறும் மதிப்பிட்டுச் சொல்கிறது. அதனால் கடைசி இலக்கத்தை நம்ப வேண்டியதில்லை, போக்கை நம்பலாம்.

அந்தப் பூங்காவுக்குள் ஒரு வினோதமும் இருக்கிறது. 1994இல் மார்வெல் நிறுவனத்தோடு எம்.சி.ஏ. போட்ட ஒப்பந்தத்தின்படி ஸ்பைடர்மேன், ஹல்க் முதலியோருக்கு அங்கே ஒரு தீவே உண்டு. 2009இல் டிஸ்னி சுமார் 400 கோடி டாலர் கொடுத்து மார்வெலையே வாங்கிவிட்டது. ஆனாலும் பழைய ஒப்பந்தம் செல்லும். மார்வெலின் முன்னணி நாயகர்களை டிஸ்னி தன் சொந்த ஃபுளோரிடா பூங்காக்களில் நிறுத்த முடியாது. யுனிவர்சலோ அவர்களை வைத்துச் சம்பாதித்து உரிமத் தொகையை டிஸ்னிக்குக் கட்டுகிறது. ஒப்பந்தத்தில் சிக்காத கார்டியன்ஸ் கூட்டத்தைத் தேடிப் பிடித்து 2022இல் தன் எப்காட் பூங்காவில் ரைடு கட்டியது டிஸ்னி. பகையாளிகள் என்கிறோம், ஒருவர் பையில் இன்னொருவரின் பணம் போய்க்கொண்டே இருக்கிறது. இன்று யுனிவர்சலின் முதலாளியான காம்காஸ்ட், 2004இல் டிஸ்னியையே 5,400 கோடி டாலருக்கு வாங்கப் பார்த்த நிறுவனம் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நிலைமையைப் புரட்டிப் போட்டது ஹாரி பாட்டர். அந்தக் கதைகளை எழுதிய ரோலிங்குடன் டிஸ்னியும் பேசிப் பார்த்தது, கை கூடவில்லை. 2010 ஜூன் 18 அன்று ஐலண்ட்ஸ் பூங்காவுக்குள் ஹாக்ஸ்மீட் கிராமமும் ஹாக்வார்ட்ஸ் கோட்டையும் திறந்தன. தெரு குறுகல். கூரைகளில் உருகாத பனி. மந்திரக்கோல் விற்கும் ஆலிவேண்டர்ஸ் கடைக்குள் ஒரு நேரத்தில் கொஞ்சம் பேரைத்தான் விடுவார்கள், ஆகவே வாசலில் எப்போதும் வரிசை. கோக், பெப்சி போன்ற குளிர்பானம் எதுவும் அந்தக் கிராமத்துக்குள் விற்கக்கூடாது. கதையில் இல்லாதது அங்கேயும் கிடையாது. அதற்குப் பதில் கதையில் வரும் பட்டர்பியர். கூட்டத்தை வேகமாக உள்ளே விட்டு வேகமாக வெளியே அனுப்ப வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பழைய பாடம். அந்தப் பாடத்தை மீறிக் கதைக்கு உண்மையாக இருந்தார்கள், கூட்டம் இன்னும் அதிகமாக வந்தது. 2011இல் பூங்காவுக்கு வந்தவர்கள் சுமார் 76 லட்சம்.

2014 ஜூலையில் பக்கத்துப் பூங்காவில் டையகன் ஆலி வந்தது. பூகம்ப ரைடும் காங் ரைடும் அதற்கு முன்பே போய்விட்டிருந்தன. டையகன் ஆலி எழுந்தது இடித்துத் தள்ளிய ஜாஸ் ரைடின் இடத்தில். இரண்டு பூங்காவையும் இணைக்க ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸ் ரயில் விட்டார்கள். அதில் ஏற இரண்டு பூங்காவுக்கும் சேர்ந்த டிக்கெட் வேண்டும். ஒரு நாள் வந்து போகிறவரை இரண்டு நாள் தங்க வைத்த ரயில் அது. இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வியாபார யோசனையை இந்தத் துறையில் நான் பார்த்ததில்லை.

டிஸ்னியின் பதில் மெதுவாக வந்தது. 2011 செப்டம்பரில் அவதார் படத்தின் உரிமத்தை வாங்கி அறிவித்தார்கள். அனிமல் கிங்டம் பூங்காவில் அவதாரின் உலகமான பண்டோரா திறந்தது 2017 மே மாதம். ஸ்டார் வார்ஸ் பகுதி வந்தது 2019 ஆகஸ்டில். இடைப்பட்ட காலத்தில் டிஸ்னி சுமார் 100 கோடி டாலரைப் போட்டது கையில் கட்டும் மேஜிக்பேண்டிலும் அதன் கணினி ஏற்பாட்டிலும். அறைக் கதவைத் திறக்கலாம், பணம் கட்டலாம், வரிசையில் இடம் பிடிக்கலாம். வசதிதான், சந்தேகமில்லை. ஆனால் குழந்தை ஊருக்குத் திரும்பியதும் பேசுவது கைப்பட்டையைப் பற்றியா, ஹாக்வார்ட்ஸ் கோட்டையைப் பற்றியா? 2022இல் ஐலண்ட்ஸ் பூங்காவின் வருகை மதிப்பீடு 1 கோடியே 10 லட்சம். டிஸ்னியின் நான்கில் மூன்று பூங்காக்கள் அதற்குக் கீழே. மேஜிக் கிங்டம் மட்டும் 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல் நின்றது. சிண்டரெல்லாவின் கோட்டையை இதுவரை எந்த மந்திரக்கோலாலும் அசைக்க முடியவில்லை.

போட்டி வந்தால் விலை குறையும் என்பார்கள். இங்கே அது நடக்கவே இல்லை. மேஜிக் கிங்டமின் ஒரு நாள் டிக்கெட் 2015இல் 100 டாலரைத் தாண்டி 105 ஆனது. அதற்குப் பிறகு ஏறுமுகம்தான். டிஸ்னி 1999 முதல் இலவசமாகக் கொடுத்துவந்த ஃபாஸ்ட்பாஸ் 2021இல் கட்டணச் சேவையாக மாறியது. வரிசையைத் தாண்டக் காசு வாங்குவதில் யுனிவர்சல் முன்னோடி, டிஸ்னி பின்பற்றியது. பார்வையாளருக்காக மல்லுக்கட்டும் இருவரும் பார்வையாளரின் பர்ஸ் விஷயத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள்.

2025 மே 22 அன்று எபிக் யூனிவர்ஸ் திறந்தது. 2019இல் அறிவித்து, கொரோனாவில் நிறுத்தி, 2021இல் மறுபடி தொடங்கிய வேலை. இடம் பழைய பூங்காக்களுக்குச் சில மைல் தெற்கே. ஒருகாலத்தில் யுனிவர்சல் வாங்கி, பிறகு விற்று, மறுபடி தேடி வாங்கிய நிலம் அது. நடுவில் வானியல் பூங்கா, சுற்றிலும் நிண்டெண்டோ, பழைய பேய்ப்படங்கள், டிராகன் வளர்க்கும் வைக்கிங் தீவு, பாட்டரின் மந்திர அமைச்சகம் என்று உலகங்கள். மூன்று பூங்காவும் ஒரு நீர்ப்பூங்காவும் ஆனதால், இனி ஒரு குடும்பம் டிஸ்னி பக்கமே போகாமல் ஒரு வாரத்தை யுனிவர்சலில் கழிக்கலாம். டிஸ்னி 1971 முதல் செய்துவந்ததை யுனிவர்சல் செய்ய அரை நூற்றாண்டு பிடித்தது.

டிஸ்னியும் சும்மா இல்லை. 2023இல் பூங்காக்களுக்கும் கப்பல்களுக்கும் பத்தாண்டில் 6,000 கோடி டாலர் என்றது. ரீடி கிரீக் மாவட்டத்தின் அதிகாரம் குறித்து மாநில ஆளுநரோடு நடந்த சண்டை 2024இல் சமரசமானபோது, ஃபுளோரிடாவில் 1,700 கோடி வரை போடலாம் என்று உடன்பாடு எழுதியது. எபிக் திறந்த அந்தக் கோடைக் காலாண்டிலேயே ஃபுளோரிடா பூங்காக்களின் வருமானம் அதே காலாண்டுக்கான முந்தைய அளவுகளைத் தாண்டியதாக டிஸ்னி அறிவித்தது. அதாவது ஒருவர் ஜெயிக்க இன்னொருவர் தோற்க வேண்டியதில்லை, ஊருக்கு வரும் கூட்டமே பெருகுகிறது.

பெருகும் கூட்டத்தைக் கவனிக்க ஆள் வேண்டுமே. டிஸ்னியின் ஃபுளோரிடா வளாகத்தில் 75,000 பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். ஒரே இடத்தில் இவ்வளவு பேரை வைத்திருக்கும் தனியார் முதலாளி அமெரிக்காவில் வேறு இல்லை. யுனிவர்சலில் அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். எபிக் பூங்காவை அறிவித்தபோது 14,000 பேருக்கு வேலை என்று சொன்னது. அவ்வளவு பேரும் எங்கிருந்து வருவார்கள்? அதே ஊரிலிருந்து, பெரும்பாலும் டிஸ்னி தேடும் அதே ஆட்களிலிருந்து.

மேஜிக் கிங்டமில் வேலைக்கு வருகிறவரின் காலையைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை, அது பலமுறை பதிவானது. காரைத் தொலைவில் ஊழியர் நிறுத்துமிடத்தில் விட்டு, கம்பெனிப் பேருந்தில் ஏறி வருவார். பூங்காவுக்கு அடியில் ஓடும் நீண்ட சுரங்கப் பாதைகளுக்குள் நுழைவார். சதுப்பு நிலமாதலால் தோண்ட முடியாமல் தரை மட்டத்திலேயே பாதைகளைக் கட்டி, மண் கொட்டி, அதன் மேல்தான் பூங்காவை எழுப்பினார்கள். பார்வையாளர் நடப்பது உண்மையில் இரண்டாவது தளம். கௌபாய் உடுப்புப் போட்டவர் எதிர்காலத்துக்கான பகுதியில் கண்ணில் பட்டுவிடக்கூடாது, அதற்காகத்தான் இவ்வளவும். கீழே குழாய்களும் மின்கம்பிகளும் ஓடும் தாழ்வாரத்தில் நடந்து, ஒரு கதவைத் தள்ளி மேலே வந்தால் சிரித்த முகமாக இருக்க வேண்டும், ஆகஸ்ட் மாத ஃபுளோரிடா வெயிலிலும். யுனிவர்சலில் இப்படிச் சுரங்கம் கிடையாது. சிரிப்பு மட்டும் இரண்டு இடத்திலும் வேலையின் பகுதி.

இரண்டு கம்பெனிக்கும் பெரிய வேறுபாடு தொழிற்சங்கம். டிஸ்னியில் ஆறு சங்கங்கள் சேர்ந்த கூட்டமைப்பு 45,000 பேர் சார்பில் பேசுகிறது. யுனிவர்சலின் ஊழியர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சங்கம் கிடையாது. ஃபுளோரிடா சட்டப்படி சங்கத்துக்குச் சந்தா கட்டச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் சந்தா கட்டாதவருக்கும் சேர்த்துத்தான் சங்கம் பேச வேண்டும். இவ்வளவு தடை இருந்தும் அந்தக் கூட்டமைப்பு நிலைத்து நிற்பதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

2018இல் அது செய்ததைப் பாருங்கள். வரிச் சலுகை கிடைத்த மகிழ்ச்சியில் டிஸ்னி தன் ஊழியர்களுக்கு 1,000 டாலர் போனஸ் அறிவித்தது. ஃபுளோரிடா சங்க உறுப்பினர்களுக்கு மட்டும், ஊதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் போனஸ் என்றது. சங்கம் தொழிலாளர் வாரியத்தில் புகார் கொடுத்தது, மாதக்கணக்கில் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் வந்த ஒப்பந்தம், மணிக்கு 10 டாலராக இருந்த தொடக்கக் கூலியை 2021 அக்டோபருக்குள் 15 ஆக்கியது. போனஸும் வந்தது. சங்கமில்லாத யுனிவர்சலும் அந்த ஆண்டுகளில் கூலியைப் படிப்படியாக ஏற்றியது. 2021 ஜூனில் 15 டாலரைத் தொட்டபோது டிஸ்னியைச் சில மாதங்கள் முந்தியிருந்தது. கொரோனாவுக்குப் பிறகு ஆள் கிடைக்காத நேரம், முந்தாமல் வேறு வழியில்லை. இடையில் 2020 நவம்பரில் ஃபுளோரிடா வாக்காளர்கள் சுமார் 61 சதவீத ஆதரவோடு, மாநிலக் குறைந்தபட்சக் கூலியை 2026க்குள் 15 டாலராக்கும் சட்டத் திருத்தத்தையும் நிறைவேற்றியிருந்தார்கள். கட்சிச் சார்பில் வலதுபக்கம் சாய்ந்த மாநிலத்தில் இது நடந்தது.

2023 பிப்ரவரியில் டிஸ்னி கொடுக்க முன்வந்தது, பெரும்பாலோருக்கு ஆண்டுக்கு ஒரு டாலர் உயர்வு. வாக்களித்த ஊழியர்களில் 96 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே யுனிவர்சல் தன் தொடக்கக் கூலி ஜூனில் 17 ஆகும் என்று அறிவித்தது. மார்ச் மாதத்தில் டிஸ்னி இறங்கி வந்தது: 2023 முடிவதற்குள் 18 டாலர், 2026 அக்டோபருக்குள் 20.50. இந்த வரிசையை நான் வாசிக்கும் விதம் இது. சங்கமுள்ள கம்பெனியில் ஊழியர்கள் தள்ளுகிறார்கள். பக்கத்துக் கம்பெனி, ஆள் ஓடிவிடக் கூடாது என்றும் இங்கேயும் சங்கம் முளைத்துவிடக் கூடாது என்றும் கூட ஏறி வருகிறது. அந்த ஏற்றம் அடுத்த பேச்சுவார்த்தையில் சங்கத்தின் கைக்கு ஆயுதமாகிறது. யுனிவர்சலில் பாப்கார்ன் விற்கிறவரின் சம்பள உயர்வில், அவர் முகமே பார்த்திராத டிஸ்னி ஊழியரின் வாக்குச்சீட்டுக்கும் பங்கு இருக்கிறது.

கெட்ட காலத்திலும் சங்கம் தெரிந்தது. 2020 மார்ச்சில் பூங்காக்கள் மூடியபோது, சம்பளமில்லா விடுப்பில் போன 43,000 சங்க ஊழியர்களின் மருத்துவக் காப்பீடு தொடரும் என்று எழுதி வாங்கியது கூட்டமைப்பு. ஆனால் செப்டம்பரில் டிஸ்னி அமெரிக்கப் பூங்காப் பிரிவில் 28,000 பேரை வேலையைவிட்டு நீக்குவதாக அறிவித்தபோது அதைத் தடுக்க முடியவில்லை. யுனிவர்சலும் அந்த ஆண்டில் ஆட்களைக் குறைத்தது.

சங்கத்தின் நிழல் எட்டாத ஊழியர்களும் டிஸ்னியில் உண்டு. 2014-15இல் ஆர்லாண்டோவில் கணினிப் பிரிவைச் சேர்ந்த சுமார் 250 பேர் வேலை இழந்தார்கள். அந்த வேலைகளை எடுத்துக்கொண்டவை எச்.சி.எல்., காக்னிசன்ட் போன்ற வெளி நிறுவனங்கள், எச்-1பி விசாவில் வந்த இந்தியர்களை வைத்து. காக்னிசன்ட் 1994இல் சென்னையில் தொடங்கியது. தங்கள் இடத்துக்கு வந்தவர்களுக்குத் தாங்களே பயிற்சி கொடுக்க வேண்டியிருந்ததாக வேலை இழந்தவர்கள் சொன்னார்கள். வழக்குத் தொடுத்தார்கள், 2016இல் தள்ளுபடியானது. விசாவில் போனவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. நம் தெருப் பிள்ளைகள்தான் அவர்கள், கிடைத்த வேலைக்குப் போனார்கள். ஆனால் பேரம் பேச அமைப்பு இல்லாத ஊழியரை எவ்வளவு எளிதாக மாற்றிவிட முடியும் என்பதை அந்தக் கதை காட்டுகிறது, வந்தவருக்கும் அதே நிலைதான்.

கூலி ஏறியும் வாடகையைச் சமாளிக்கப் பலரால் முடிவதில்லை. டிஸ்னியின் தெற்கு எல்லையை ஒட்டிய 192ஆம் நெடுஞ்சாலையில் பழைய மோட்டல்கள் வரிசையாக இருக்கின்றன. சுற்றுலாப் பயணிகளுக்காகக் கட்டியவை. மாத வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்ட முடியாத குடும்பங்கள் வாரக் கணக்கில் காசு கொடுத்து அங்கே ஒரே அறையில் வாழ்கின்றன. பூங்கா ஊழியர்களின் குடும்பங்களும் அவற்றில் உண்டு. ஷான் பேக்கர் 2017இல் எடுத்த ‘தி ஃபுளோரிடா புராஜெக்ட்’ அந்த மோட்டல்களில் ஒன்றில் வளரும் சிறுமியின் கதை. இப்போது இந்த விஷயத்திலும் போட்டி வந்திருக்கிறது. யுனிவர்சல் 20 ஏக்கரைக் கொடுத்து 1,000 வீடுகளுக்கு வழி செய்தது. டிஸ்னி 80 ஏக்கர் ஒதுக்கி 1,400க்கு மேற்பட்ட வீடுகள் என்றது. இரண்டையும் வரவேற்கிறேன். ஒரு லட்சம் பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இது எத்தனை பேருக்குப் போதும் என்றும் கேட்கிறேன்.

ரயில் விஷயத்தில் போட்டி ஊழியரைக் கைவிட்டது. விமான நிலையத்திலிருந்து ரயில் பாதையை நீட்டும் திட்டத்தில் டிஸ்னி ஸ்பிரிங்ஸில் நிலையம் வருவதாக இருந்தது. பாதையைக் கண்காட்சி மையம், யுனிவர்சல் பக்கமாகத் திருப்பலாம் என்ற யோசனை வலுத்தது, யுனிவர்சல் நிலையத்துக்கு நிலம் தரவும் முன்வந்தது. 2022இல் டிஸ்னி அந்தப் பாதை தனக்கு ஒத்துவராது என்று விலகிக்கொண்டது. தன் விருந்தினர் போகும் ரயில் முதலில் எதிராளியின் வாசலில் நிற்பதை எந்தக் கம்பெனியும் விரும்பாது என்பது புரிகிறது. ஆனால் அந்த ரயில் அதிகாலை வேலைக்குப் போகிறவருக்கும்தானே. காரில்லாத ஊழியர் இன்றும் நகரப் பேருந்தில் மாறி மாறித்தான் போகிறார்.

உயர்மட்ட வேலைக்கும் இதே இழுபறி உண்டு. கலிஃபோர்னியாவிலிருந்து சுமார் 2,000 வடிவமைப்பு, தொழில்நுட்ப வேலைகளை ஆர்லாண்டோவின் லேக் நோனாவுக்கு மாற்றுவதாக டிஸ்னி 2021இல் அறிவித்தது. சிலர் வீட்டை விற்றுக் கிளம்பியும்விட்டார்கள். ஆளுநரோடு சண்டை முற்றிய 2023 மே மாதத்தில் திட்டத்தையே கைவிட்டது. மேல்மட்டத்தில் இருப்பவரின் வாழ்க்கையையும் ஓர் அறிவிப்பில் புரட்டலாம்.

டிஸ்னியின் இப்போதைய ஒப்பந்தக் காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. அதே ஆண்டின் செப்டம்பர் 30இல் மாநிலக் குறைந்தபட்சக் கூலி 15 டாலரைத் தொடுகிறது. இப்போது எபிக் யூனிவர்ஸும் அதே ஆட்களுக்காகப் போட்டி போடுகிறது. இப்படி மூன்றும் ஒன்றுகூடும் நேரம் அந்த ஊழியர்களுக்கு முன்பு வாய்த்ததில்லை. அடுத்த பேச்சுவார்த்தையில் 20.50க்கு மேல் எவ்வளவு என்பதோடு, காப்பீட்டுக்கும் வாடகைக்கும் பயணத்துக்கும் என்ன வழி என்றும் சங்கம் கேட்க வேண்டும். டிஸ்னி என்ன கொடுக்கிறதோ அதைப் பார்த்துத்தான் சில மாதங்களில் யுனிவர்சலின் அறிவிப்பு வரும்.